வைட்டமின் சி: மெல்லுவதா, கரைத்துக் குடிப்பதா, கேப்சூலா? எதை வாங்கினால் நல்லது?

சளி பிடித்தால் போதும். திருவிடைமருதூரானாலும் கும்பகோணமானாலும் மருந்துக்கடையில் இந்தக் குரல் கேட்கும்: "அண்ணே, வைட்டமின் சி ஒரு அட்டை குடுங்க." முன்பு இதில் யோசிக்க ஒன்றுமில்லை. ஆரஞ்சு நிறத்தில் ஒரு புளிப்பு மாத்திரை, அவ்வளவுதான். கொரோனாவுக்குப் பிறகு கதை மாறிவிட்டது. தண்ணீரில் போட்டால் நுரைத்துக் கரைவது, மெதுவாகக் கரையும் கேப்சூல், 'லிப்போசோமல்', 'நேச்சுரல்' என்று அலமாரி நிறைய அடுக்கியிருக்கிறார்கள். ஒன்று சில ரூபாய், இன்னொன்று சில நூறு ரூபாய். உள்ளே இருக்கும் சரக்கு வேறு வேறா?

உடம்புக்கு எவ்வளவு தேவை?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020-ல் சொன்ன அளவு, ஆண்களுக்கு நாளொன்றுக்கு 80 மில்லிகிராம், பெண்களுக்கு 65. பாலூட்டும் தாய்மார்களுக்கு 115. ஆனால் கடையில் கிடைக்கும் சாதாரண மாத்திரையே 500 மில்லிகிராம்!

சாப்பாட்டில் வரும் அளவு என்றால் 70 முதல் 90 சதவீதம் வரை உடம்பு எடுத்துக்கொள்கிறது. நாளுக்கு 1 கிராமைத் தாண்டினால் பாதிகூட உள்ளே போவதில்லை. உள்ளே போனதிலும் தேவைக்கு மிஞ்சியது சிறுநீரில் வெளியேறிவிடும். "1000 போட்டா டபுள் பலன்" என்ற கணக்கு இங்கேயே அடிபட்டுப் போகிறது.

வகைகளில் என்ன வித்தியாசம்?

'லிம்சீ' போன்ற மெல்லும் மாத்திரைகளில் அஸ்கார்பிக் அமிலமும் சோடியம் அஸ்கார்பேட்டும் கலந்திருக்கும். பெரும்பாலானவர்களுக்கு இதுவே போதும். மிட்டாய் மாதிரி நாள் முழுக்க வாயில் வைத்துச் சப்புவதுதான் தப்பு, அந்தப் புளிப்பு பல் எனாமலை அரிக்கும். வெறும் அமில மாத்திரை போட்டால் வயிறு எரிகிறது என்பவர்கள் கால்சியம் அஸ்கார்பேட் கேட்கலாம்.

நுரைக்கும் மாத்திரையில்தான் பலரும் கவனிக்காத விஷயம் இருக்கிறது. அந்த நுரைக்குக் காரணம் சோடியம் பைகார்பனேட். ஒரு மாத்திரையில் சில நூறு மில்லிகிராம் சோடியம்கூட இருக்கலாம். பிபி இருக்கிறது என்று ஊறுகாயைத் தள்ளி வைத்துவிட்டு, தினமும் காலையில் இதைக் கரைத்துக் குடித்தால் என்ன பிரயோஜனம்?

மெதுவாகக் கரையும் கேப்சூல் சாதாரண மாத்திரையைவிட மேல் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. லிப்போசோமல் என்பது கொழுப்புப் படலத்துக்குள் சத்தைப் பொதிந்து தருவது. சில சிறிய ஆய்வுகளில் இதனால் ரத்தத்தில் அளவு கூடியிருக்கிறது. ஆனால் நோய் குறைந்ததாக நிரூபணம் இல்லை. 'நேச்சுரல்' என்பது லேபிளில்தான். நெல்லியிலிருந்து வந்தாலும் தொழிற்சாலையிலிருந்து வந்தாலும் மூலக்கூறு அதேதான்.

சளிக்கு வேலை செய்யுமா?

2013-ல் வெளியான காக்ரேன் ஆய்வறிக்கைப்படி, தினமும் சாப்பிட்டு வந்தாலும் பொதுவாக மக்களுக்குச் சளி வருவது குறையவில்லை. வந்த சளி நீடிக்கும் நாட்கள் பெரியவர்களுக்கு 8 சதவீதம், குழந்தைகளுக்கு 14 சதவீதம் குறைந்தது. சளி பிடித்த பிறகு அட்டை வாங்கினால்? அதற்குச் சீரான பலன் தெரியவில்லை.

இரும்புச்சத்து மாத்திரையோடு சேர்க்கலாமா?

தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்கிறது தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பு-5. அதனால் இந்தக் கேள்வி முக்கியம். சோறு, கீரை, பருப்பில் உள்ள இரும்பை உறிஞ்ச வைட்டமின் சி உதவுவது உண்மை. ஆனால் சீனாவில் 440 பேரிடம் நடந்து 2020-ல் வெளியான ஆய்வில், இரும்பு மாத்திரை மட்டும் சாப்பிட்டவர்களுக்கும் கூடவே வைட்டமின் சி சாப்பிட்டவர்களுக்கும் ரத்த அளவு கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் ஏறியது. இரும்பு மாத்திரை போட்ட கையோடு டீ குடிக்காமல் இருப்பதற்குக் காசு செலவில்லை.

யாரெல்லாம் டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது?

சிறுநீரகத்தில் கல் வந்தவர்கள். வைட்டமின் சி-யில் ஒரு பங்கு உடம்பில் ஆக்சலேட்டாக மாறும். ஸ்வீடன் ஆண்களிடம் நடந்து 2013-ல் வெளியான ஆய்வில், இந்த மாத்திரை சாப்பிட்டவர்களுக்குக் கல் வரும் வாய்ப்பு சுமார் இரு மடங்கு. ஜி6பிடி குறைபாடு உள்ளவர்களுக்கு அதிக டோஸ் ரத்த அணுக்களை உடைக்கலாம். சர்க்கரை நோயாளிகளுக்கு இன்னொரு சிக்கல்: அதிக டோஸில் சில வகை குளுக்கோமீட்டர்கள் சர்க்கரையைக் கூட்டிக் காட்டும். அதை நம்பி இன்சுலினை ஏற்றினால் ஆபத்து.

காசுக் கணக்கு

வைட்டமின் சி மாத்திரை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ளதால் அதற்கு அரசு விலை வரம்பு உண்டு. 2019 டிசம்பரில் 50 சதவீதம் உயர்த்த அனுமதித்த 21 மருந்துகளில் இதுவும் ஒன்று, அப்படியும் மலிவுதான். உணவுத் துணைப்பொருளாக விற்கப்படும் நுரை மாத்திரைக்கும் லிப்போசோமலுக்கும் அந்த வரம்பு கிடையாது.

100 கிராம் கொய்யாவில் 200 மில்லிகிராமுக்கு மேல் வைட்டமின் சி இருக்கிறது, நெல்லிக்காயில் அதைவிட அதிகம். டெல்டா கொடிக்கால்களில் வெற்றிலைக்குத் துணையாக நிற்கும் அகத்தியின் கீரையிலும் உண்டு, வேகவைக்கும்போது ஒரு பகுதி போய்விடும். துவாதசிக்கு மட்டும் நெல்லிக்காயும் அகத்தியும் வாங்கும் வீடுகளில் அதை வாரத்துக்கு இரண்டு நாளாக்கினால், அட்டை வாங்கும் வேலை பலருக்கு மிச்சம்.