செவ்வந்தி எண்ணும் இரவுகள்

ஹொஸ்கோட்டை, சிக்கபள்ளாப்பூர் பக்கம் இரவில் பஸ்ஸில் போகிறவர்கள் பார்த்திருப்பார்கள். ஆளரவமில்லாத வயலில் கல்யாண வீடு மாதிரி வரிசை வரிசையாக பல்பு எரியும். பந்தல் இருக்காது, மேளம் இருக்காது. வெளிச்சத்துக்குக் கீழே முழங்கால்கூட வளராத பச்சைச் செடிகள் நிற்கும். அது செவ்வந்தி. பெங்களூர்த் தமிழில் சேவந்தி.

என் மாமாவின் ஒன்றரை ஏக்கரும் அப்படி எரிகிற தோட்டம்தான். ராத்திரி பத்து மணிக்கு சுவிட்சைப் போடுவது பல வருஷமாகப் பிள்ளைகள் வேலை. பரீட்சைக்குப் படிக்கிற சாக்கில் விழித்திருந்து ஒன்றரை மணிக்கு அணைப்பதும் அவர்கள்தான். 2023இல் பையன் வேலை கிடைத்து புனே போனான். ஆகஸ்டில் பெண் மைசூரில் ஹாஸ்டல் சேர்ந்தாள். போவதற்கு முன்னால் ஒரு டைமரை வாங்கிவந்து மாட்டிவிட்டுத்தான் போனாள். இருந்தும் மாமா பத்து மணிக்கு வாசலுக்கு வந்து, பல்பு எரிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் படுப்பார்.

செடிக்கு எதற்கு இத்தனை வெளிச்சம்?

செவ்வந்தி பூப்பது மழையையோ உரத்தையோ பார்த்து அல்ல, இரவைப் பார்த்து. இரவு நீண்டால் மொட்டு வைக்கும். குறுகினால் இலையும் தண்டுமாக வளர்ந்துகொண்டே போகும். சில செடிகள் பகலின் நீளத்தைக் கணக்கு வைத்துப் பூக்கின்றன என்று அமெரிக்காவில் கார்னரும் அல்லார்டும் 1920இல் எழுதினார்கள். செடி உண்மையில் அளப்பது பகலை அல்ல, இடையில் அறுபடாத இருட்டை என்பது 1938இல் தெரிந்தது. நீண்ட இரவின் நடுவே சற்று நேரம் விளக்கைப் போட்டால் போதும். இரண்டு குட்டி இரவுகள் வந்துபோனதாகச் செடி எடுத்துக்கொள்ளும். வயலில் பல்பு செய்வது அந்த வேலையைத்தான். வெயில்போல் கொட்டவும் வேண்டாம், செய்தித்தாளைப் படிக்கிற அளவு வெளிச்சம் போதும்.

இந்த இருட்டைப் பார்க்கிற கண் எங்கே இருக்கிறது? மொட்டு நுனியில் வருவதால் நுனியில்தான் இருக்கும் என்று தோன்றும். 1930களில் சோவியத் ஒன்றியத்தில் சைலாக்கியான் இதைச் சோதித்தார். அவர் எடுத்துக்கொண்ட செடியும் செவ்வந்திதான். மேல்பாதியின் இலைகளைக் கிள்ளிவிட்டு, கீழ்ப்பாதி இலைகளுக்கு மட்டும் நீண்ட இரவைக் காட்டினார். நுனி நீண்ட பகலிலேயே இருந்தும் பூத்தது. இலைகளுக்கு நீண்ட பகலும் நுனிக்கு நீண்ட இரவும் கொடுத்தபோது பூக்கவில்லை. ஆக, பார்ப்பது இலை. அது நுனிக்கு ஒரு செய்தி அனுப்புகிறது. அந்தச் செய்திக்கு அவர் ஃப்ளோரிஜென் என்று பெயர் வைத்தார். அது ஒரு புரதம் என்று உறுதிப்பட இந்த நூற்றாண்டு பிறக்க வேண்டியிருந்தது. இலையிலிருந்து 'இப்போது பூக்காதே' என்று சொல்லும் எதிர்ப்புரதமும் கிளம்புகிறது என்பதை ஜப்பான் ஆய்வாளர்கள் 2013இல் காட்டினார்கள். அதையும் காட்டுச் செவ்வந்தியில்தான் கண்டுபிடித்தார்கள். இரவு நடுவில் வெளிச்சம் பட்ட இலை அனுப்புவது இந்தத் தடையைத்தான்.

லண்டனில் கோடைப் பகல் பதினாறரை மணி நேரம், குளிர்காலத்தில் எட்டு மணிகூட இல்லை. பெங்களூரில் ஜூன் பகலுக்கும் டிசம்பர் பகலுக்கும் வித்தியாசம் ஒன்றரை மணி நேரம்தான். நமக்கு இது பெரிதாகத் தெரிவதே இல்லை. ஆனால் இங்கே ஆடியிலேயே இரவு போதுமான நீளம் இருப்பதால், பல ரகங்கள் நட்ட சூட்டிலேயே மொட்டு வைத்துவிடும். சாண் உயரச் செடியில் நாலு பூ பூத்து என்ன பிரயோஜனம்? அதனால் கன்று நட்டதும் விளக்கு. நுனி கிள்ளி, பக்கக்கிளை வெடித்து, செடி புதராகும்வரை விளக்கு. அப்புறம் ஒரு நாள் அணைத்துவிட வேண்டும். ரகத்தைப் பொறுத்து ஏழிலிருந்து பத்து வாரத்தில் பூ வரும்.

அந்த ஒரு நாளைக் குறிப்பதில்தான் விவசாயியின் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது. செடி சூரியக் கணக்கில் வாழ்கிறது. பண்டிகை நிலாவைப் பார்த்து நகர்கிறது. ஆயுத பூஜை 2023இல் அக்டோபர் 23, 2024இல் அக்டோபர் 11, 2025இல் அக்டோபர் 1. தீபாவளியும் கூடவே முன்னும் பின்னும் போகும். ஒரு வாரம் முந்திப் பூத்தால் கே.ஆர். மார்க்கெட்டில் கேட்பாரில்லை, பிந்தினால் அதைவிட மோசம். மாமா காலண்டரை எடுத்து தீபாவளியிலிருந்து பின்னோக்கி ஒன்பது வாரம் எண்ணுவார். பண்டிகைக்கு ஒரு வாரம் முன்பே பறிப்பு தொடங்கியாக வேண்டும் என்று அதோடு இன்னொரு ஏழு நாளைக் கழிப்பார். மனதில் இருப்பது மார்க்கெட் மட்டும் அல்ல, லீவில் வரும் பிள்ளைகளும்தான். பூ பறிக்க இன்னும் நாலு கை கிடைக்குமே.

ஒரு செவ்வந்தியை எடுத்து ஓர் இதழை மட்டும் இழுத்துப் பாருங்கள். அடியில் மெல்லிய குழாய், அதன் கீழே கடுகிலும் சிறிய சூலகம். நாம் இதழ் என்பது ஒரு முழுப் பூ. நாம் பூ என்பது நூற்றுக்கும் மேற்பட்ட பூக்கள் ஒரே மேடையில் உட்கார்ந்த கூட்டம். ஓர வரிசை முதலில் விரியும், நடு வரிசை கடைசியில். அதனால்தான் நடுவில் கொஞ்சம் இறுக்கம் இருக்கும்போதே பறிக்கிறார்கள். மார்க்கெட்டில் கைக்கு கை மாறி, சரமாகி, மாரு கணக்கில் விற்றுத் தீரும்வரை உள்ளே மிச்சம் இருப்பவை விரிந்துகொண்டிருக்கும். இரண்டு கையையும் அகல விரித்தால் ஒரு மாரு. மழை பெய்தால் இந்தக் கூட்டமே தண்ணீரைப் பிடித்துவைத்து அழுகிப்போகும் என்பது ஐப்பசிக் கவலை.

2023இல் தீபாவளி நவம்பர் 12. செப்டம்பர் முதல் வாரத்தில் டைமரைப் பிடுங்கிய அன்று நான் அங்கே இருந்தேன். மைசூரிலிருந்து போன் வந்தது. "அப்பா, ஆஃப் பண்ணிட்டீங்களா?" என்று கேட்டாள். "பண்ணிட்டேன் கண்ணு" என்றார் மாமா. தோட்டத்தில் அத்தனை நாள் கழித்து முழு இருட்டு. பெண்ணின் அறை ஜன்னல் வழியே பாத்திகள் தெரியவே இல்லை.

காலையில் அத்தை காபி ஆற்றிக்கொண்டே சொன்னாள்: "ஒன்றரை மாசமா அந்த வெளிச்சத்துலயே படுத்துப் பழகிப்போச்சு. ராத்திரி தூக்கமே வரல."