ஆறு ரகரம்: காதால் மட்டுமே படிக்க முடிகிற மொழிகள்

உங்களுக்கு எத்தனை 'ர' தெரியும்? எழுத்தில் ர, ற என்று இரண்டு. பேசும்போது? "கரி", "கறி" ரெண்டையும் சத்தமாச் சொல்லிப் பாருங்க. நம்ம பாகூர்ப் பக்கம் பெரும்பாலும் ரெண்டும் ஒண்ணுதான். ஹாஸ்டலில் கன்னியாகுமரி நண்பர் யாராவது இருந்தால் அவரைச் சொல்லச் சொல்லுங்க, வித்தியாசம் கேட்கலாம்.

நீலகிரியில் தோடர்கள் பேசும் மொழியில் ஆறு ரகரம் இருக்கு. நாக்கு அதிரும் இடம் மூன்று: பல்லை ஒட்டி, அதற்குச் சற்று மேலே, நாக்கை மடக்கி. ஒவ்வொன்றிலும் சாதாரணமாக ஒன்று, 'ய்' சாயலோடு ஒன்று. ஸ்பாயிச், லேடிஃபோகெட், பாஸ்கரராவ் ஆகிய மூவரும் தோடர்களின் பேச்சைப் பதிவு செய்து ஆராய்ந்து 1996-ல் இதை விளக்கினார்கள். தோடம் திராவிடக் குடும்பம்தான், தமிழுக்கு உறவு. ஆனால் அந்த ஆறையும் தமிழ் எழுத்தில் எழுதிக் காட்ட வழியில்லை. புத்தகத்தில் புதுக் குறி போட்டுக் காட்டலாம். குறியைப் பார்த்து வாய் கற்றுக்கொள்ளாது. காதால்தான் பிடிக்கணும்.

2011 கணக்கெடுப்பில் தோடர்கள் சுமார் இரண்டாயிரம் பேர். நம்ம ஊர் டவுன் பஸ் முப்பது, நாற்பது நிரம்பினால் முடிந்தது. எமனோ என்ற மொழியியலாளர் 1935 முதல் 1938 வரை நீலகிரியில் தங்கி, தோடர் பாடல்களைக் கேட்டுக் கேட்டுக் கையால் எழுதி வைத்தார். அது 1971-ல் ஒரு பெரிய நூலாக வந்தது. பிறகு ஒலிப்பதிவுகளும் வந்தன. ஆனால் ஒலிப்பதிவு வேற, ஒலிப்பாடம் வேற. பதிவு என்பது அலமாரியில் இருக்கும் அரிசி. பாடம் என்றால் அதை யாராவது சோறாக்கித் தரணும்.

எப்படி ஆக்குவது? இதற்கு ஒரு நல்ல உதாரணம் அமெரிக்கா, கனடா எல்லையில் பெரும் ஏரிகளைச் சுற்றி வாழும் ஒஜிப்வே மக்களின் மொழி. அங்கே பல தலைமுறைப் பிள்ளைகள் விடுதிப் பள்ளிகளுக்கு அனுப்பப்பட்டார்கள். சொந்த மொழி பேசினால் தண்டனை. அதனால் பாட்டிக்குத் தெரிந்த மொழி பேரனுக்குத் தெரியாமல் போனது. இன்றைக்கு அந்தப் பேரன் இயர்போன் மாட்டிக்கொண்டு அதைக் கற்கிறான். பிம்ஸ்லர் வரிசையில் ஒஜிப்வேக்கும் ஒலிப்பாடம் இருக்கு. மினசோட்டா பல்கலைக்கழகத்தின் ஒஜிப்வே அகராதியில் சொல்லைத் தட்டினால் பெரியவர்களின் குரலே கேட்கும்.

பால் பிம்ஸ்லர் 1967-ல் எழுதிய கட்டுரையின் கணக்கு நம்ம மாதிரி ஆட்களுக்குப் பிடிக்கும். புதுச் சொல்லைக் கேட்ட 5 நொடியில் ஒருமுறை ஞாபகப்படுத்து. பிறகு 25 நொடியில், 2 நிமிடத்தில், 10 நிமிடத்தில், 1 மணி நேரத்தில், 5 மணி நேரத்தில், 1 நாளில்... இப்படியே 2 வருடம் வரை. ஏறக்குறைய ஒவ்வொரு இடைவெளியும் முந்தையதைப் போல ஐந்து மடங்கு. மறக்கப் போகிற நேரம் பார்த்துத் தட்டி எழுப்புவதுதான் சூட்சுமம். பரீட்சைக்கு முதல் நாள் ராத்திரி முழுக்க ஒரே பாடத்தைப் பத்து தடவை படிப்பதற்கு நேர் எதிர்.

இன்னொரு விஷயம் மௌனம். "இதை எப்படிச் சொல்வீங்க?" என்று கேட்டுவிட்டுக் குரல் நிற்கும். அந்த இடைவெளியில் நீங்க வாய் திறந்து சொல்லணும். பிறகுதான் விடை வரும். சும்மா கேட்டுக்கிட்டே போனால் அது எஃப்எம் ரேடியோ, பாடம் இல்லை. ஒரு பாடம் அரை மணி நேரம். கிருமாம்பாக்கத்தில் ஏறினால் புதுச்சேரி வருவதற்குள் முடிச்சிடலாம். பக்கத்து சீட்டுக்காரர் முறைப்பார், பரவாயில்லை.

ஒஜிப்வே கற்பதில் ஆங்கிலேயரைவிடத் தமிழர்களுக்கு ஒரு வசதி. கேட்பவரையும் சேர்த்தால் 'கீனவிந்த்', சேர்க்காவிட்டால் 'நீனவிந்த்'. நம்ம நாம், நாங்கள் அதேதான்! ஆங்கிலத்தில் வளர்ந்தவர் இதற்கு மல்லுக்கட்டணும். நமக்கு விளக்கமே வேண்டாம். பெயர்ச்சொல்லில் திணை மாதிரி ஒரு பிரிவும் உண்டு. உயிருள்ளது, உயிரற்றது என்று. அதற்கேற்ப வினை மாறும். ஆனால் அவர்கள் மொழியில் கல்லும் உயிருள்ள பக்கம். கல்லுக்குப் பெயர் 'அசின்'. (ஆமாம், அதேதான். சிரிச்சு முடிச்சிட்டு வாங்க.) 'கீனவிந்த்' என்பதன் முதல் எழுத்து 'கடல்' ககரமா, 'கணேஷ்' ககரமா என்று இந்தக் கட்டுரையைப் படித்து உங்களால் சொல்ல முடியாது. 'கணேஷ்' ககரம். எழுத்தின் எல்லை இவ்வளவுதான்.

ஒலிப்பாடத்துக்கும் எல்லை உண்டு. விற்கிற கம்பெனி சொல்லாது, நான் சொல்றேன்: பதிவு திருப்பிப் பேசாது. நீங்க தப்பாச் சொன்னாலும் அடுத்த கேள்விக்குப் போயிடும். முப்பது பாடம் முடித்தவருக்கு வணக்கம், பசி, வழி கேட்பது வரும். பாட்டி சொல்லும் கதை புரியாது. அதுக்கு ஆள் வேணும்.

தோட மொழிக்குப் பாடம் செய்வதா வேண்டாமா, யார் குரலில், யாருக்காக என்பதைத் தோடர்கள்தான் தீர்மானிக்கணும். நாம் செய்து பார்க்க வேண்டியது பக்கத்திலேயே இருக்கு. பனித்திட்டுக் கரையில் வலை பின்னும் பெரியவரிடம் காற்றைப் பற்றிக் கேளுங்க. வாடை, கொண்டல், கச்சான் என்று திசைக்கொரு பேர் சொல்வார். நீரோட்டத்துக்கும் தனிப் பேர்கள். நம்மில் பலருக்கு அது பாதி புரியாது, தமிழாக இருந்தும். அவர் சம்மதத்தோடு போனில் பதிவு பண்ணுங்க. ஆடாசிட்டி இலவச மென்பொருள். அதில் வெட்டி அடுக்கலாம். "வடக்கேயிருந்து காத்து வருது, என்ன சொல்வீங்க?" நான்கு நொடி மௌனம். பிறகு அவர் குரலில், "வாடை." அடுத்து 25 நொடியில் அதே சொல், வேற வாக்கியத்தில். பத்துச் சொல்லுக்கு ஒரு பத்து நிமிடப் பாடம்.

முதல் பிரதியை அவர் பேரப்பிள்ளைகள் போனுக்கு அனுப்பிடுங்க.