உங்களுக்குத் தெரியுமா? எழுதிக் கொடுத்த வீட்டையும் மீட்கலாம்

உங்கள் அடுத்த வீட்டுப் பெரியவரிடம் நலம் விசாரித்தால், அவரைப் பேசவிடாமல் வீட்டார் முந்திக்கொண்டு பதில் சொல்கிறார்களா? கையில் கன்றிய தடம், முதுகில் படுக்கைப்புண், பென்ஷன் வந்தும் மாத்திரை வாங்கக் காசில்லை... வயசானால் இப்படித்தான் என்று விட்டுவிடாதீர்கள். பயந்துபோனவர் ‘தடுக்கி விழுந்தேன்’ என்றுதான் சொல்வார்.

2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் இப்படிப்பட்ட பெரியவர்களுக்காகவே வந்தது. பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதி வாங்கிய சொத்துப் பத்திரம், பார்த்துக்கொள்ளாவிட்டால் செல்லாது என அறிவிக்க 23-ஆம் பிரிவு இடம் தருகிறது. கோட்டாட்சியரிடம் மனுக் கொடுக்கலாம். பெரியவர்களைக் கைவிட்டால் 3 மாதம் வரை சிறை. சந்தேகம் வந்தாலே முதியோர் உதவி எண் 14567-ஐ அழையுங்கள், கட்டணம் இல்லை.