மணற்காட்டில் ஒரு காலை நடை

பெங்களூரின் தென்பகுதியில், ஓசூர் சாலையை ஒட்டியமைந்த பொம்மனஹள்ளியில் வசிப்போர்க்குக் காடு என்றதும் நினைவில் எழுவது, அருகிலுள்ள பன்னேருகட்டாவின் இலையுதிர் காடும் அதனிடையே தோன்றும் கருங்கற் பாறைகளுமேயாகும். கடல்மட்டத்திற்குமேல் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் உள்ள அந்த மேட்டு நிலத்தில் நடந்து பழகியவர்கள், கோடிக்கரையின் மணற்காட்டிற்குச் செல்லத் திட்டமிடும்பொழுதும் அப்பழக்கத்தையே அளவுகோலாகக் கொள்வது இயல்பு. அந்த அளவுகோல் இங்கே பயன்படாது. மணல் தனக்கெனச் சில விதிகளை உடையது. அவ்விதிகளை அறிந்து வகுத்த திட்டமே நடப்பவர்க்கும் காட்டிற்கும் நன்மை பயக்கும்.

ஓசூர், சேலம், திருச்சி, தஞ்சாவூர் வழியாக வேதாரணியத்தை அடைந்து, அங்கிருந்து தெற்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் சென்றால் கோடிக்கரை வரும். சோழமண்டலக் கரை மேற்காகத் திரும்பிப் பாக்கு நீரிணையை நோக்கும் முனை இது. இங்குள்ள காடு 1967-ஆம் ஆண்டில் வனவிலங்குப் புகலிடமாக அறிவிக்கப்பட்டது. இதனையும் அடுத்துள்ள வேதாரணியம் சதுப்பு நிலத்தையும் உள்ளடக்கிய பகுதி, 2002-ஆம் ஆண்டில் ராம்சார் உடன்படிக்கையின்கீழ் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாகச் சேர்க்கப்பட்டது.

மூன்று பக்கங்களிலும் உப்புநீர் நெருங்கி நிற்கும் மணல்மேட்டில், ஆண்டு முழுவதும் பசுமை மாறாத காடு எவ்வாறு செழிக்கின்றது என்னும் ஐயம் எழலாம். அதற்கு விடை மணலுக்கு அடியில் இருக்கின்றது. வடகிழக்குப் பருவத்தில் பெய்யும் மழைநீர் மணலில் எளிதாக இறங்கிவிடுகின்றது. நன்னீர் கடல்நீரைவிட இலேசானது; ஆகவே அது உப்புநீரின்மேல் ஒரு வில்லையைப்போல் மிதந்து நிற்கின்றது. இதனைக் கணித்துக் கூறியவர்கள் கைபன், ஹெர்ட்ஸ்பெர்க் என்னும் இருவர். அவர்களது கணக்கின்படி, கடல்மட்டத்திற்குமேல் 1 மீட்டர் உயரத்திற்கு நன்னீர் நின்றால், கடல்மட்டத்திற்குக் கீழே ஏறத்தாழ 40 மீட்டர் ஆழம்வரை நன்னீர் இருத்தல் கூடும். இதன் மறுபக்கமும் கவனிக்கத்தக்கது. மேல்மட்டம் 10 சென்டிமீட்டர் தாழ்ந்தால், அடியிலுள்ள உப்புநீர் காலப்போக்கில் 4 மீட்டர் அளவிற்கு மேலேறக்கூடும். மணற்பாங்கான கடற்கரையில் நன்னீரை அளவின்றி இறைப்பது எத்துணை ஆபத்தானது என்பது இதனால் விளங்கும்.

இக்காட்டின் முதன்மையான மரம் பாலை. நாவல், காசான், வீரை, உகாய் ஆகியனவும் இங்கு வளர்கின்றன. இம்மரங்களுள் பலவற்றின் இலைகள் சிறியனவாகவும் தடித்தனவாகவும் இருப்பதால் நீர் ஆவியாவது மட்டுப்படுகின்றது. மழைக்காலத்தில் புதர்களின்மேல் படர்ந்து பூக்கும் செங்காந்தளையும் காணலாம். வேதாரணியம் வட்டாரத்தில் மருந்து விதைக்காகப் பயிரிடப்படும் இக்கொடியின் கிழங்கும் விதையும் கொடிய நஞ்சுடையவை. ஆதலின் சிறுவர்களை அருகே விடலாகாது.

இனி, நடையின் தூரத்தை வரையறுத்தல் வேண்டும். 1998-ஆம் ஆண்டில் பெல்ஜிய நாட்டு ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்ட முடிவின்படி, கெட்டித் தரையில் நடப்பதைவிட மணலில் அதே வேகத்தில் நடப்பதற்கு 2.1 முதல் 2.7 மடங்குவரை அதிக சக்தி செலவாகின்றது. ஒவ்வோர் அடியிலும் பாதம் மணலைத் தள்ளி நகர்த்துவதில் உழைப்பு வீணாகின்றது. தசைகளும் குறைந்த திறனுடனேயே வேலை செய்கின்றன. எனவே தளர்ந்த மணலில் 4 கிலோமீட்டர் நடப்பது, சாலையில் 8 முதல் 11 கிலோமீட்டர் நடப்பதற்கு ஒப்பாகும். முதியோரும் சிறுவரும் உடன்வரின், போக வர மொத்தம் 4 கிலோமீட்டருக்கு மேற்படாமல் திட்டமிடுவதே விவேகம். ஈரமணலில் துகள்களை நீர்ப்படலம் பிணைத்து நிறுத்துவதால் பாதம் அவ்வளவாகப் புதைவதில்லை. மழைக்கு மறுநாளும் பனி காயாத காலைப்பொழுதும் நடைக்கு ஏற்றவையாவதற்கு இதுவே காரணம்.

புறப்படும் நேரமும் முக்கியமானது. உலர்ந்த மணல் வெப்பத்தை ஆழத்திற்குக் கடத்துவதில்லை. அதனால் அதன் மேற்பரப்பு வெயிலில் விரைவாகச் சுடுகின்றது. சூரியோதயத்தில் தொடங்கிப் பத்து மணிக்குள் திரும்பிவிடுதல் நலம். ஆளுக்கு 2 லிட்டர் குடிநீர், கணுக்காலை மூடும் காலணி, தொப்பி ஆகியவை அவசியம். காட்டிற்குள் குடிநீர் கிடைக்கும் என்று நம்பிச் செல்லலாகாது. மலையோ குன்றோ இல்லாத காட்டில் திசை தவறுதல் எளிது; எனவே வனத்துறையின் அனுமதியையும் வழிகாட்டியின் துணையையும் முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். இராமர் பாதம் எனப்படும் மணல்மேட்டில் ஏறி நின்றால், சுற்றியுள்ள சமவெளியின் அமைப்பு ஒருவாறு புலப்படும்.

பறவைகளைக் காண விரும்புவோர் நவம்பர் முதல் பிப்ரவரிவரை செல்லலாம். பூநாரைகளும் பல்வகை உள்ளான்களும் அப்பருவத்தில் சதுப்பு நிலத்தில் கூடுகின்றன. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் நெடுங்காலமாக இங்கே பறவைகளுக்கு வளையமிட்டு அவற்றின் வலசைப் பாதைகளை ஆராய்ந்து வந்துள்ளனர். புயற்காலமும் இப்பருவத்தோடு சேர்ந்தே வருவதால், வானிலை அறிவிப்பைக் கேளாமல் புறப்படுதல் தகாது. 2018 நவம்பர் 16-ஆம் நாள் நாகப்பட்டினத்திற்கும் வேதாரணியத்திற்கும் இடையே கரையைக் கடந்த கஜா புயல், இக்காட்டிலும் எண்ணற்ற மரங்களைச் சாய்த்தது.

புல்வெளியில் மேயும் வெளிமான்களே இப்புகலிடத்தின் சிறப்பு. மரங்கள் அழிந்து வெளியாகும் இடத்தையும் புல் நிறைந்த இடத்தையும் பற்றிக்கொள்ளும் சீமைக் கருவேல், அவற்றின் மேய்ச்சல் நிலத்தைக் குறுக்கி வருகின்றது. அதன் நெற்றுகளைத் தின்னும் மான்களும் கால்நடைகளும் சாணத்தின் வாயிலாக விதைகளைப் பரப்புவதால், அதனை ஒழிப்பது எளிதன்று. வளர்ப்புக் குதிரைகளின் வழிவந்து காட்டிலேயே திரியும் குதிரைகளும் அதே புல்லையே மேய்கின்றன. இந்நிலையில், படம் எடுக்கும் ஆவலால் மான்களைத் துரத்துவது சிறு குற்றமாகாது. புல்லும் நீரும் அருகிய கோடையில், வீணாக ஓடிய ஓட்டத்தின் இழப்பை அப்பிராணிகளால் எளிதில் ஈடுசெய்ய இயலாது.

ஆகவே, வகுத்த தடத்தைவிட்டு விலகாமை, தீ மூட்டாமை, கொண்டுசென்ற பொருள்களைத் திரும்பக் கொணர்தல் ஆகிய மூன்றும் திட்டத்தின் பகுதிகளே. மணலைப் பிடித்து நிறுத்துபவை புல்லின் வேர்களும் செடிகளின் வேர்களுமாம். புதிய தடம் ஒன்று தோன்றினால் அவ்வேர்கள் அறுந்து, மணல் காற்றுக்கு இரையாகும். பாறையின்மேல் நடந்தவரின் அடிச்சுவடு தங்குவதில்லை. மணற்காட்டிலோ, பலர் நடந்த சுவடே நிலத்தின் உருவத்தை மாற்றிவிட வல்லது.