பாக்கிங் மிஷின் வாங்குமுன்

நிறுத்து, கவரில் கொட்டி, சீல் வைக்கும் மூன்று வேலையையும் ஆட்டோமேட்டிக் பாக்கிங் மிஷின் ஒரே ஓட்டத்தில் முடிக்கிறது. எளாவூர் போன்ற ஊர்க் கடைகளுக்கும் அது லாபமே. ஆனால் கையால் பிசகினால் ஒரு பாக்கெட். மிஷினில் பிசகினால் மூட்டை முழுவதும் எடைக்குறைவு. ஆகவே வேகத்தைவிட உடன்வரும் சாதனங்களைக் கவனியுங்கள்.

பருப்பு, சர்க்கரைக்குக் கப் ஃபில்லர். மிளகாய்த்தூளுக்குத் திருகு ஃபில்லர். கப் அளப்பது கொள்ளளவையே, எடையை அல்ல. மூட்டை மாறினால் எடையும் மாறும். பக்கத்திலேயே முத்திரையிட்ட தராசு வைத்து, மூட்டை மாற்றும்போதெல்லாம் சில பாக்கெட்டுகளை நிறுத்துப் பார்க்கவும்.

தேதி அச்சிடும் சாதனமும் அவசியம். பொட்டலப் பொருட்கள் விதிகள் 2011-இன்படி நிகர எடை, அதிகபட்ச சில்லறை விலை, மாதம், ஆண்டு பாக்கெட்டில் இருந்தாக வேண்டும்.

அபராதத்தைக் கட்டிவிடலாம், போன வாடிக்கை திரும்பாது.