238 விண்ணப்பங்கள், ஒரே கம்பெனி: தொழிலுக்கு இடம் தேடுவதும் சலுகைக்குப் பேரம் பேசுவதும் எப்படி நடக்கிறது?

2017 செப்டம்பரில் அமேசான் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. சியாட்டிலில் இருப்பதுபோல இன்னொரு தலைமையகம், 500 கோடி டாலர் முதலீடு, 50 ஆயிரம் பேருக்கு வேலை. எந்த ஊருக்கு வரட்டும் என்று ஊர்களையே விண்ணப்பிக்கச் சொன்னது. வட அமெரிக்கா முழுவதிலும் இருந்து 238 விண்ணப்பங்கள் குவிந்தன. மேரிலாண்ட் மாநிலம் 850 கோடி டாலர் மதிப்பில் சலுகைகளை அறிவித்தது. நியூ ஜெர்ஸி தன் நியூவார்க் நகருக்காக 700 கோடி டாலர் தருவதாகச் சொன்னது.

2018 நவம்பரில் முடிவு வந்தது. நியூயார்க்கின் லாங் ஐலேண்ட் சிட்டி, வர்ஜீனியாவின் ஆர்லிங்டன் என இரண்டு இடங்கள். வர்ஜீனியா மாநில அரசு நேரடியாகத் தர முன்வந்தது 55 கோடி டாலர்தான். அதிகம் தருவதாகச் சொன்னவர்களுக்கு எதுவும் கிடைக்கவில்லை.

அப்படியென்றால் ஒரு கம்பெனி இடத்தை எப்படித்தான் முடிவு செய்கிறது?

யார் இந்த ‘இட ஆலோசகர்கள்’?

பெரிய ஆலையோ அலுவலகமோ தொடங்கும் நிறுவனங்கள் பெரும்பாலும் இதற்கென்றே ஆலோசகர்களை அமர்த்துகின்றன. இவர்களுக்கு இரண்டு வேலைகள். ஒன்று, சரியான இடத்தைக் கண்டுபிடிப்பது. இன்னொன்று, அந்த இடத்து அரசிடம் அதிகபட்சச் சலுகை வாங்கித் தருவது.

சிலர் நேரக் கணக்கில் கட்டணம் வாங்குகிறார்கள். சிலர் கிடைக்கும் சலுகையில் ஒரு பங்கைக் கமிஷனாகப் பெறுகிறார்கள். விமர்சகர்கள் கை வைப்பது இங்கேதான். சலுகை பெருகினால் கமிஷனும் பெருகும் என்றால், ஆலோசகர் காட்டுவது நல்ல இடத்தையா, நிறையக் கொடுக்கும் இடத்தையா?

முதலில் நடப்பது தேர்வு அல்ல, கழித்தல்

30, 40 இடங்கள் கொண்ட பட்டியலோடு வேலை தொடங்கும். பிறகு ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வருவார்கள். தேவையான அளவு மின்சாரம் கிடைக்குமா? கோடையில் தண்ணீர் இருக்குமா? துறைமுகம் எத்தனை மணி நேரப் பயணம்? நிலத்தின் பட்டா யார் பெயரில், வில்லங்கம் உண்டா? சுற்றுவட்டாரத்தில் ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் படித்தவர்கள் எத்தனை பேர்? அவர்களை ஏற்கெனவே வேறு ஆலைகள் எடுத்துக்கொண்டுவிட்டனவா?

இதில் ஒன்றில் தோற்றாலும் அந்த ஊர் பட்டியலில் இருந்து போய்விடும். மற்ற ஊர் எவ்வளவு பணம் கொடுத்தாலும் தண்ணீர் இல்லாத இடத்தில் சாயப்பட்டறையோ சிப் ஆலையோ நடத்த முடியாது.

இந்தக் கட்டத்தில் கம்பெனியின் பெயர் வெளியே வராது. திட்டத்துக்கு ஒரு புனைப்பெயர் வைப்பார்கள். வருவது யார் என்றே தெரியாமல் அதிகாரிகள் தகவல் அனுப்புவதும் உண்டு. பெயர் கசிந்தால் நில விலை ஏறிவிடும் என்பது கம்பெனிகள் சொல்லும் காரணம்.

பேரம் எப்போது தொடங்கும்?

பட்டியல் இரண்டு, மூன்று இடங்களாகச் சுருங்கிய பிறகுதான். ஆலோசகரின் சூட்சுமமும் இங்கேதான் இருக்கிறது. மனதுக்குள் ஓர் ஊரை முடிவு செய்திருந்தாலும் இன்னொரு ஊரைக் கடைசிவரை போட்டியில் வைத்திருப்பார். “பக்கத்து மாநிலத்துல இதைவிட ஜாஸ்தி தர்றாங்க சார்” என்று சொல்ல ஓர் ஆள் வேண்டுமே! ‘இங்கேதான் வருகிறோம்’ என்று கம்பெனி பகிரங்கமாக அறிவித்த மறுநாள் பேரம் பேசும் பலம் போய்விடும்.

கேட்பது வரிவிலக்கு மட்டும் அல்ல. குறைந்த விலையில் நிலம், முத்திரைத்தாள் கட்டண விலக்கு, மின்சார வரி விலக்கு, மூலதன மானியம், ஆட்களுக்குப் பயிற்சிச் செலவு, ஆலை வாசல்வரை சாலை எனப் பட்டியல் நீளும். ஒப்பந்தத்தில் இருக்கும் தொகையைவிட, அது எப்போது கைக்கு வரும் என்பதை நல்ல ஆலோசகர் கவனிப்பார். ஆண்டுக்கு 10 சதவீதம் என்று கணக்குப் போட்டால், ஐந்து ஆண்டு கழித்து வரும் 100 ரூபாயின் இன்றைய மதிப்பு 62 ரூபாய்தான்.

வர்ஜீனியா ஜெயித்தது எதனால்?

வர்ஜீனியாவின் கணக்கு எளிமையானது. ஒரு வேலைக்கு 22 ஆயிரம் டாலர் வீதம், 25 ஆயிரம் வேலைகளுக்கு 55 கோடி டாலர். அதுவும் வேலை உருவாகி, சராசரி ஆண்டுச் சம்பளம் 1.5 லட்சம் டாலர் என்ற அளவை எட்டிய பிறகுதான்.

அதைவிடப் பெரிய தொகையை அந்த மாநிலம் கல்விக்கு ஒதுக்கியது. கணினித் துறைப் பட்டதாரிகளைப் பெருக்க சுமார் 110 கோடி டாலர் திட்டம், வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்துக்குப் புதிய வளாகம். அமேசான் தேடியது மென்பொருள் ஆட்களை. நாளைக்கே அமேசான் கிளம்பிவிட்டாலும் அந்த வளாகமும் பட்டதாரிகளும் மாநிலத்திலேயே இருப்பார்கள்.

நியூயார்க் கதை வேறு. மாநிலமும் நகரமும் சேர்ந்து தர இருந்தது சுமார் 300 கோடி டாலர். ‘உலகப் பணக்கார நிறுவனத்துக்கு எதற்கு எங்கள் வரிப்பணம்?’ என்று உள்ளூரில் எதிர்ப்பு கிளம்பியது. 2019 பிப்ரவரி 14 அன்று அமேசான் அந்தத் திட்டத்தையே கைவிட்டது. 2023-ல் வர்ஜீனியாவிலும் இரண்டாம் கட்டக் கட்டுமானத்தை நிறுத்திவைத்தது. வேலைக்கு ஏற்பத்தான் பணம் என்பதால், மாநிலத்துக்குப் பெரிய அடி இல்லை.

விஸ்கான்சின் கற்ற பாடம்

2017-ல் தைவானின் ஃபாக்ஸ்கான் நிறுவனம் அமெரிக்காவின் விஸ்கான்சினில் 1,000 கோடி டாலரில் திரை ஆலை கட்டி, 13 ஆயிரம் பேருக்கு வேலை தருவதாகச் சொன்னது. மாநிலம் தர ஒப்புக்கொண்டது அதிகபட்சம் சுமார் 300 கோடி டாலர். அதாவது, ஒரு வேலைக்கு 2 லட்சம் டாலருக்கும் மேல்!

சொன்ன ஆலை வரவில்லை. முதல் ஆண்டுக்கான குறைந்தபட்ச வேலை இலக்கையே நிறுவனம் எட்டவில்லை. அதனால் அந்த ஆண்டு சலுகையும் கிடைக்கவில்லை. 2021-ல் ஒப்பந்தம் திருத்தப்பட்டது. முதலீடு 67.2 கோடி டாலர், வேலை 1,454, சலுகை 8 கோடி டாலர் என எல்லாமே சுருங்கியது.

மாநில அரசு தப்பித்தது. ஆனால், ஆலை அமையவிருந்த மவுன்ட் பிளசன்ட் என்ற சிற்றூர் முன்கூட்டியே கடன் வாங்கி நிலம், சாலை, குடிநீர் வசதிக்குச் செலவழித்திருந்தது. வீடுகளைக் காலி செய்த குடும்பங்களும் உண்டு. அவர்களுக்குப் பழைய வீடு திரும்பக் கிடைக்கவில்லை.

சலுகை இல்லாவிட்டால் வரவே மாட்டார்களா?

அமெரிக்கப் பொருளாதார அறிஞர் டிமோதி பார்டிக் 2018-ல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் அலசியது. சலுகை பெற்ற நிறுவனங்களில், அந்தச் சலுகையால்தான் முடிவே மாறியது என்று சொல்லக்கூடியவை 2 முதல் 25 சதவீதம் வரைதான் என்பது அவரது மதிப்பீடு. மற்றவை சலுகை இல்லாவிட்டாலும் அதே இடத்துக்கு வந்திருக்கும். ஆகவே அரசின் முன்னால் இருக்கும் கேள்வி, ‘கொடுக்கலாமா’ என்பதைவிட, ‘கொடுக்காமலே வருபவருக்கு எவ்வளவு கொடுக்கிறோம்’ என்பதுதான்.

தமிழ்நாட்டில் என்ன நடக்கிறது?

இங்கே முதலீட்டாளரிடம் முதலில் பேசுவது ‘கைடன்ஸ்’ என்ற அரசு அமைப்பு. நிலத்துக்கு சிப்காட். 2021 தொழில் கொள்கை மாவட்டங்களை ஏ, பி, சி எனப் பிரித்தது. சென்னையைச் சுற்றியுள்ள மாவட்டங்கள் ‘ஏ’. தொழில் வளர்ச்சியில் பின்தங்கியவை ‘சி’. தொலைவான மாவட்டத்துக்குப் போனால் சலுகை கூடும். 2024-ல் ஒப்பந்தம் போட்ட வியட்நாமின் வின்ஃபாஸ்ட் மின்வாகன ஆலை 2025 ஆகஸ்டில் தூத்துக்குடியில் திறக்கப்பட்டது.

ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலையையும் மறக்க முடியாது. 2006-ல் உற்பத்தி தொடங்கியது. ஆயிரக்கணக்கான இளைஞர்களுக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு முதல் சம்பளம் கொடுத்தது. பிறகு வரிப் பிரச்சினை வந்தது. செல்பேசித் தொழிலை மைக்ரோசாஃப்ட் வாங்கியபோது இந்த ஆலை மட்டும் தனியே விடப்பட்டது. 2014 நவம்பர் 1 அன்று உற்பத்தி நின்றது. 2019-ல் சார்ஜர் தயாரிக்கும் சால்காம்ப் நிறுவனம் அதை வாங்க முன்வந்தது. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளைத் தொழிலாளர்கள்தான் சமாளிக்க வேண்டியிருந்தது.

அடுத்த முறை செய்தி வரும்போது...

‘இத்தனை ஆயிரம் கோடி முதலீடு, இத்தனை ஆயிரம் வேலை’ என்று புரிந்துணர்வு ஒப்பந்தச் செய்தி போனில் வந்தால், நான்கு கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். சலுகை முன்கூட்டியே தரப்படுகிறதா, வேலை உருவான பிறகா? வேலை என்றால் நிரந்தரமா, ஒப்பந்தமா; சம்பளம் எவ்வளவு? சொன்னதைச் செய்யாவிட்டால் பணத்தைத் திரும்பக் கேட்க ஷரத்து இருக்கிறதா? கம்பெனி போய்விட்டால் ஊரில் என்ன மிஞ்சும்?

நான்காவது கேள்விக்கு நல்ல சாலை, நல்ல கல்லூரி, பயிற்சி பெற்ற ஆட்கள் என்று பதில் வந்தால், அந்தச் செலவு வீண் போகாது. காலி நிலமும் கடனும்தான் மிஞ்சும் என்றால், பேரத்தில் தோற்றது ஊர்தான்.