பாதியில் நின்றுபோகும் விண்டோஸ் நிறுவல்: கணினியைத் தூக்கிப் போடுமுன் இதைப் பாருங்கள்

தங்கா பத்து: "என்னம்மா இது, நாலாவது தடவையும் நின்னு போச்சு!" அத்தை தொலைபேசியில் இப்படிச் சொன்னபோது இரவு மணி பத்து. படிவம் 5 படிக்கும் மகனின் மடிக்கணினியில் விண்டோஸ் 11 ஏற்ற மாலையிலிருந்தே போராடிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு முறையும் பாதிக்கு மேல் போனதும் திரை உறைந்தது. கணினி தானாக அணைந்து, தானாக எழுந்தது. மறுநாள் ஒரு கடைக்குக் கொண்டுபோனார்கள். "போர்டு போச்சு, புதுசு வாங்கிடுங்க" என்று இரண்டே நிமிடத்தில் தீர்ப்பு வந்தது. புதியது வாங்க இரண்டாயிரம் வெள்ளிக்கு மேல் வேண்டும்.

கோளாறு போர்டில் இல்லை. உள்ளே இருந்த இரண்டு நினைவகச் சில்லுகளில் ஒன்று பழுதாகியிருந்தது. அதைக் கழற்றிவிட்டு நிறுவியபோது வேலை தடையில்லாமல் முடிந்தது.

இந்த அனுபவம் பல வீடுகளுக்கும் பொருந்தும். விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்பு ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திக்கொண்டது. 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கிய பிறகு, இல்லிருப்புக் கற்றலுக்காகப் பெற்றோர் அவசர அவசரமாக வாங்கிக் கொடுத்த பழைய மடிக்கணினிகள் பலவற்றில் இருப்பது விண்டோஸ் 10 தான்.

*நேற்று வரை ஓடியது, இன்று ஏன் நிற்கிறது?*

தோட்டத்துச் சாலையில் நன்றாக ஓடும் பழைய கப்சாய், கெந்திங் ஏற்றத்தில் திணறும். கணினியும் அப்படித்தான். கடிதம் தட்டச்சு செய்யும்போது நினைவகத்தில் சிறு பகுதிதான் வேலை செய்யும். நிறுவும்போதோ பல ஜிபி அளவுள்ள சுருக்கப்பட்ட கோப்பு விரிக்கப்படுகிறது. நினைவகம், வட்டு, செயலி மூன்றும் ஓய்வில்லாமல் உழைக்கின்றன. இத்தனை நாள் மறைந்திருந்த பழுது அப்போது வெளியே வருகிறது. ஆகவே, நிறுவல் எந்தக் கட்டத்தில் நின்றது என்று பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

*தொடங்குமுன் மூன்று வேலைகள்*

முதலாவது, கோப்புகளை வெளி வட்டில் நகலெடுங்கள். முழுமையான புதிய நிறுவல் பழையதை அழித்துவிடும். ஆலயக் கூட்டக் குறிப்புகள், பள்ளி நாடகப் பிரதிகள் போன்றவற்றை ஒருங்குறிக்கு முந்தைய தமிழ் எழுத்துருக்களில் தட்டச்சு செய்திருந்தால், விண்டோஸ் கோப்புறைக்குள் இருக்கும் 'ஃபாண்ட்ஸ்' பகுதியிலிருந்து அந்த எழுத்துருக்களையும் சேர்த்து எடுத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் கோப்பு இருக்கும், ஆனால் எழுத்துகள் புரியாத குறிகளாகத் தெரியும்.

இரண்டாவது, பிட்லாக்கர் மீட்புச் சாவி. சில மடிக்கணினிகளில் நமக்குத் தெரியாமலேயே வட்டு பூட்டப்பட்டிருக்கும். பயாஸ் அமைப்பை மாற்றினால் 48 இலக்கச் சாவியைக் கேட்டு அடம்பிடிக்கும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து அதை முன்பே எழுதி வையுங்கள். சாவி இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் படங்களை யாராலும் மீட்டுத்தர முடியாது.

மூன்றாவது, கணினிக்குத் தகுதி இருக்கிறதா என்பதை மைக்ரோசாஃப்ட்டின் 'பிசி ஹெல்த் செக்' செயலியில் பாருங்கள். விண்டோஸ் 11-க்குக் குறைந்தது 4 ஜிபி நினைவகம், 64 ஜிபி வட்டு, டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சில்லு வேண்டும். இன்டெல் செயலி என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ இருக்க வேண்டும். 'டிபிஎம் இல்லை' என்று வந்தாலும் உடனே மனம் தளர வேண்டாம். பல கணினிகளில் அது பயாஸில் அணைத்து வைக்கப்பட்டிருக்கும். இன்டெல்லில் 'பிடிடி', ஏஎம்டியில் 'எஃப்டிபிஎம்' என்ற பெயரில் தேடி இயக்கலாம்.

*தொடக்கத்திலேயே நின்றால்*

சின்னம் மட்டும் தெரிந்து உறைந்தாலோ, பென்டிரைவையே கணினி கண்டுகொள்ளாவிட்டாலோ, முதல் சந்தேகம் பென்டிரைவ் மீதுதான். மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து நிறுவல் கருவியைப் பதிவிறக்கி, குறைந்தது 8 ஜிபி கொண்ட வேறொரு பென்டிரைவில் மீண்டும் தயாரியுங்கள். அதில் இருப்பது எல்லாம் அழியும் என்பதை மறக்க வேண்டாம். வேறு யூஎஸ்பி துளையிலும் செருகிப் பாருங்கள். யாரோ அனுப்பிய கோப்பைக் கொண்டு நிறுவாதீர்கள்.

*சதவீதம் ஏறும்போது நின்றால்*

அத்தை வீட்டில் நடந்தது இதுதான். சந்தேகம் நினைவகம், வட்டு ஆகியவற்றின் மீது விழ வேண்டும். பழைய விண்டோஸ் இன்னும் திறக்கிறது என்றால், தேடல் கட்டத்தில் 'விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக்' என்று கொடுத்துச் சோதிக்கலாம். திறக்காவிட்டால் 'மெம்டெஸ்ட்86+' என்ற இலவச மென்பொருளைப் பென்டிரைவிலிருந்து இயக்கி, இரவு முழுக்க ஓடவிடுங்கள். ஒரே ஒரு பிழை காட்டினாலும் நினைவகத்தை நம்ப முடியாது. இரண்டு சில்லுகள் இருந்தால் ஒன்றைக் கழற்றி, ஒவ்வொன்றாக வைத்துப் பாருங்கள். கழற்றுமுன் மின்கம்பியைப் பிடுங்கி, முடிந்தால் மின்கலத்தின் இணைப்பையும் எடுத்துவிடுங்கள். துணிச்சல் இல்லையென்றால் கடைக்காரரிடம் இந்த ஒரு சோதனையை மட்டும் கேளுங்கள்.

வட்டின் நிலையைக் 'கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ' காட்டும். எச்சரிக்கை வந்தால் நிறுவலை மறந்துவிட்டு முதலில் கோப்புகளைக் காப்பாற்றுங்கள்.

சூட்டையும் கவனியுங்கள். மெத்தை மீது வைத்த மடிக்கணினி, தூசி அடைத்த விசிறி இரண்டும் நிறுவலைப் பாதியில் அணைத்துவிடும். மேசை மீது, மின்கம்பி செருகிய நிலையில் செய்யுங்கள்.

*மறுதொடக்கத்துக்குப் பின் பழைய நிலைக்கே திரும்பினால்*

பழைய விண்டோஸின் மேலேயே புதியதை ஏற்றுபவர்களுக்கு இது அடிக்கடி நேரும். 'மாற்றங்கள் நீக்கப்படுகின்றன' என்ற அறிவிப்போடு பழையதே வந்து நிற்கும். பெரும்பாலும் காரணம் டிரைவர், அதாவது அச்சுப்பொறி, ஒலி, வைஃபை போன்ற கருவிகளை இயக்கும் சிறு மென்பொருள். தேவையில்லாத யூஎஸ்பி கருவிகளைப் பிடுங்குங்கள். தனியாக வாங்கிய வைரஸ் தடுப்பு மென்பொருளைத் தற்காலிகமாக நீக்குங்கள். தயாரிப்பாளரின் தளத்திலிருந்து டிரைவர்களையும் பயாஸையும் புதுப்பியுங்கள். வட்டில் 25 ஜிபியாவது காலியாக வைத்து மறுபடி முயலுங்கள்.

'வட்டு எதுவும் இல்லை' என்று வந்தால் பதற வேண்டாம். இன்டெல் 11-ஆம் தலைமுறை முதல் பல மடிக்கணினிகளில் 'ஐஆர்எஸ்டி' என்ற சேமிப்பக டிரைவரைப் பென்டிரைவில் வைத்து, நிறுவலின்போது ஏற்றினால்தான் வட்டு தெரியும்.

ஓர் எச்சரிக்கை: ஒரே சதவீதத்தில் நீண்ட நேரம் நிற்பதெல்லாம் கோளாறு அல்ல. வட்டு விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தால் வேலை நடக்கிறது என்று பொருள். பொறுமை இழந்து பொத்தானை அழுத்தி அணைப்பதால் கெட்டுப்போகும் கணினிகளும் உண்டு.

*தகுதியே இல்லாத கணினிக்கு*

கட்டுப்பாடுகளைத் தாண்டி விண்டோஸ் 11-ஐ ஏற்ற வழிகள் உண்டு. ஆனால் அப்படி ஏற்றிய கணினிக்குப் புதுப்பிப்புகள் வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி அளிப்பதில்லை. விண்டோஸ் 10-இலேயே இருக்க விரும்பும் வீட்டுப் பயனர்களுக்கு, நீட்டிக்கப்பட்ட பாதுகாப்புத் திட்டத்தை 2026 அக்டோபர் 13 வரை அந்நிறுவனம் அறிவித்தது. அமைப்புகளை மைக்ரோசாஃப்ட் கணக்கில் காப்பெடுக்கச் சம்மதித்தால் அது இலவசம்.

இன்னொரு வழி லினக்ஸ் மின்ட். இலவசம், நிறுவாமலேயே பென்டிரைவிலிருந்து இயக்கிப் பார்க்கலாம். இது நல்ல சோதனையும்கூட. பென்டிரைவிலிருந்து இரண்டு மணி நேரம் உறையாமல் ஓடினால், போர்டு போகவில்லை என்று பெருமளவு நம்பலாம். கோளாறை வட்டிலோ விண்டோஸிலோ தேட வேண்டும். திரை கறுத்து நின்றால் தொடக்கப் பட்டியலில் 'காம்பேட்டிபிலிட்டி மோட்' தேர்ந்தெடுங்கள்.

*கடைக்குப் போகும்போது*

எந்தக் கட்டத்தில் நின்றது, திரையில் என்ன எழுத்து வந்தது என்பதைக் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டு போங்கள். "போர்டு போச்சு" என்று சொன்னால், "நினைவகத்தைத் தனியாகச் சோதித்தீர்களா? வட்டைச் சோதித்தீர்களா?" என்று மரியாதையாகக் கேளுங்கள். நேர்மையான கடைக்காரர் இதற்குக் கோபப்படமாட்டார்.

அத்தை மகனின் மடிக்கணினி இப்போது ஒற்றைச் சில்லோடு, 4 ஜிபியில் ஓடுகிறது. கொஞ்சம் மெதுவாகத்தான் இருக்கிறது. இன்னொரு சில்லு வாங்கப் போட்டாலும், புதிய மடிக்கணினிக்காக எடுத்து வைத்த பணத்தில் பெரும்பகுதி மிச்சம். "அந்தக் காசு அவன் டியூஷனுக்கு ஆகும்மா" என்றார் அத்தை.